கட்டிய மனைவிக்குக் கைரேகைச் சோதனையா?

லண்டன் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான் ஒரு தொழிலாளி. அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டவன். ஊரில் தாலி கட்டிய மனைவியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். இதிலே குற்றம் என்ன?

குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் சர்க்கார் அவன் மனைவியைக் குற்றவாளியைப் போலத்தான் வரவேற்கிறது. அவள் சென்னை விசா மையத்துக்குப் போய்ப் பத்து விரல்களின் ரேகையையும் பதிய வேண்டும். முகத்தையும் படம் பிடிக்கக் காட்ட வேண்டும். அந்த வேலை தனியார் கம்பெனிக்குக் குத்தகை! கூடுதலாகக் காசு கொடுத்தால் சொகுசு அறையில் சாய்ந்துகொண்டே ரேகை கொடுக்கலாமாம். ரேகை கொடுப்பதிலும் பணக்காரன் வரிசை வேறு, ஏழை வரிசை வேறு!

போலிக் கல்யாணத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று வக்காலத்து வாங்குகிறார்கள் சிலர். நாம் கேட்கிறோம்: விரல் ரேகையைப் பார்த்துத் தாலி மெய்யா பொய்யா என்று சொல்லும் மெஷின் எந்த நாட்டில் இருக்கிறது? இன்று மனுக் கொடுத்தவளும் நாளை விமானத்திலிருந்து இறங்குபவளும் ஒரே ஆள்தானா என்று ரேகை சொல்லும். அந்த மட்டில் அதற்குப் பயன் உண்டு, நாம் மறுக்கவில்லை. அதற்கு மேல் சொல்வதெல்லாம் பித்தலாட்டம். அதுவும், நாற்று நட்டும் நூல் முடிந்தும் தேய்ந்துபோன விரல்களின் கதை நமக்குத் தெரியாதா? ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் வெறும் பையோடு திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஏகாதிபத்தியத்துக்கு இது பழைய வித்தை. 1858ல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலைக் கப்பி சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையில் மை தடவி ஒப்பந்தத்தில் அழுத்த வைத்தார். கையெழுத்து போதவில்லை! தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் ரேகை பதிந்து பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1907ல் கறுப்புச் சட்டம் வந்தது. முதல் நகலில் பெண்களும் இருந்தார்கள்; எதிர்ப்பு கிளம்பியதும் பெண்களை விட்டுவிட்டார்கள். 1913 மார்ச்சில் கோர்ட்டு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டுப் போராட்டத்தில் சிறை புகுந்த தமிழ்ப் பெண்தான் தில்லையாடி வள்ளியம்மை. விடுதலையான சிறிது காலத்தில், 1914 பிப்ரவரி 22ல், மாண்டாள். அன்று டிரான்ஸ்வால் சர்க்காரே கைவைக்கத் தயங்கிய பெண்களின் விரல்களை இன்று லண்டன் சர்க்கார் கூசாமல் கேட்கிறது.

விரலைக் கொடுத்தாலாவது கதவு திறக்கிறதா? அங்கேதான் சூது இருக்கிறது. மனைவியை அழைப்பவன் ஆண்டுக்கு 18,600 பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்று 2012ல் கோடு போட்டார்கள். 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கினார்கள். அதை 38,700 வரை ஏற்றும் திட்டமும் இருந்தது. அவ்வாண்டு ஜூலையில் பதவிக்கு வந்த லேபர் கட்சி அந்த ஏற்றத்தை நிறுத்தி வைத்தது; 29,000ஐக் குறைக்கவில்லை. பெயரோ தொழிலாளர் கட்சி!

கணக்குப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அந்நாட்டுச் சட்டமே விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 40 மணி, ஆண்டு முழுவதும் ஒருநாள் கூலியும் இழக்காமல் உழைத்தாலும் கிடைப்பது சுமார் 25,400. சர்க்கார் நிர்ணயித்த கூலியை வாங்குபவன் சர்க்கார் நிர்ணயித்த கோட்டைத் தொட முடியாது! மனைவி ஊரில் சம்பாதிக்கும் கூலியும் இந்தக் கணக்கில் சேராது. இதற்கு மேல் அவ்வாண்டில் விசாக் கட்டணம் 1,938 பவுண்டு, வைத்தியத் தீர்வை 3,105 பவுண்டு. எல்லாம் முன்பணம்.

பணக்காரனுக்கு மட்டும் பின்வாசல் திறந்திருக்கிறது. பாங்கியில் 88,500 பவுண்டு ஆறு மாதம் கிடந்தால் போதும். சம்பளச் சீட்டையே கேட்கமாட்டார்கள். பாத்திரம் கழுவுகிறவன் 88,500க்கு எங்கே போவான்? அவன் மனைவியின் பத்து விரல்களும் லண்டன் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவள் இன்னும் சென்னையில்தான் இருக்கிறாள்.