நம்பர் மாறல, சத்தம் மாறிடுச்சு

போன மாசம் ஓபியில ஒரு தம்பி. முப்பது வயசு இருக்கலாம். படபடப்பு, நாலு நாளா தூக்கம் இல்ல. பிபி 150/96. ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா தம்பி?"ன்னு கேட்டேன்.

"கிட்டார் பெட்டிக்கு அப்டேட் போட்டேன் சார். எல்லா சத்தமும் போச்சு"ன்னார்.

லைட் மியூசிக் குழுவுல கிட்டார் வாசிக்கிறவர். திருவிழா சீசன் ஆரம்பிக்க பத்து நாள் இருந்துச்சு. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஊரு பேரு வேணாம். எந்தக் கம்பெனி பெட்டின்னும் கமெண்ட்ல கேட்காதீங்க, சொல்ல மாட்டேன்.)

இது எனக்குப் புரிஞ்சதுக்குக் காரணம், காலேஜ் நாள்ல இருந்து நானும் கிட்டார் வாசிப்பேன். சுமாராத்தான், வீட்ல உள்ளவங்களே சாட்சி. புரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பாதி குரலைக் கொடுக்கிறதே ஆம்ப்தான். முன்னாடி வால்வு வெச்ச கனமான ஆம்ப்பைத் தூக்கிட்டு அலைவாங்க. இப்போ அந்த வால்வு, மின்சுற்று, ஸ்பீக்கர் எல்லாம் என்ன செய்யும்னு ஒரு சிப் கணக்குப் போட்டுக் காட்டுது. அதுதான் ஆம்ப் மாடலர். லைன் 6 கம்பெனியோட பாட் 1998-ல வந்தது. ஃப்ராக்டல் ஆடியோவோட ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 2006, லைன் 6 ஹீலிக்ஸ் 2015. இன்னைக்கு நம்ம ஊர் மேடைகள்லயும் இந்த மாதிரி பெட்டிகள் சர்வசாதாரணம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சத்தத்தைச் செஞ்சு சேமிச்சு வெப்பாங்க. ப்ரீசெட்னு பேரு. பல பேர் நினைக்கிறது, சத்தமே உள்ள பத்திரமா இருக்குன்னு. அப்படி இல்லீங்க. உள்ள இருக்கிறது ஒரு சமையல் குறிப்பு. எந்த ஆம்ப், கெயின் 6, ட்ரெபிள் 5.5, டிலே 380 மில்லி செகண்ட். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் பெட்டி அதைப் படிச்சுப் புதுசா சமைக்குது. அந்தச் சமையல்காரர்தான் ஃபர்ம்வேர். அப்டேட் போட்டா ஆளையே மாத்துறீங்க.

எங்க தொழில்ல இதுக்கு இன்சுலினைச் சொல்லுவேன். நம்ம நாட்டுல வயல்ல வர்ற இன்சுலின் பலதும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவுல போடுறது 100. சிரிஞ்சும் வேற வேற. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தை 40 சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள போறது 20 இல்ல, 50 யூனிட். சீட்டுல எழுதின நம்பர் மாறவே இல்ல, ஆனா ஆள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். (இன்சுலின் போடுறவங்க இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு மீதிப் பதிவைப் படிக்காம போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.)

இந்தத் தம்பிக்கு நடந்ததும் அதேதான். நம்பர் எல்லாம் அப்படியே இருக்கு. அதை வெச்சுக் கணக்குப் போடுற முறை மாறிடுச்சு.

"அப்டேட்டே போடக் கூடாது சார்"னு சொல்ற கோஷ்டி ஒண்ணு உண்டு. அதை நான் ஒத்துக்க மாட்டேன். பாட்டுக்கு நடுவுல பெட்டி உறைஞ்சு நிக்கிற கோளாறெல்லாம் அப்டேட்லதான் சரியாகும். ஃப்ராக்டல் கம்பெனி வருஷக்கணக்கா மாடலிங்கைத் திருத்தித் திருத்தி இலவசமாவே கொடுக்குது. பழைய ப்ரீசெட்டும் புதுக் கணக்குலதான் ஓடும். அது பிடிச்சவங்க நிறைய பேர். வீட்ல வாசிக்கிற என்னை மாதிரி ஆளுக்கு அது பரிசு. அதையே வெச்சுச் சோறு சாப்பிடுறவருக்கு? அவரைக் கேட்காம மாத்துறது தப்புன்னுதான் சொல்லுவேன்.

மாத்தாமலும் முன்னேறலாம். 2022-ல ஹீலிக்ஸுக்கு 3.50 அப்டேட் வந்தப்போ ஸ்பீக்கர் பெட்டிகளோட மாடலிங்கையே புதுசாக்கினாங்க. ஆனா பழையதைத் தூக்கிப் போடல. 'லெகசி'ன்னு தனியா விட்டு வெச்சாங்க. பழைய ப்ரீசெட் பழைய பெட்டியோடவே பாடும், வேணும்கிறவங்க புதுசுக்குப் போகலாம். நாங்க ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குறோமே, கிட்டத்தட்ட அந்த மரியாதை. இடம் போதாம எல்லாத்தையும் இப்படி வெச்சிருக்க முடியாதுங்கிறது வாஸ்தவம். அப்போ குறைஞ்சபட்சம் அப்டேட் குறிப்போட முதல் வரியிலயே "இந்தந்த ஆம்ப்போட சத்தம் மாறும்"னு எழுதலாமே. நாற்பதாவது வரியில ஒளிச்சு வெக்கிறது எதுக்கு?

சரி, தம்பி கதைக்கு வருவோம். எப்போ சார் கேட்டுப் பார்த்தீங்கன்னு விசாரிச்சேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு, மூணு மணி நேர ஒத்திகை முடிச்சுட்டு வந்து, ஹெட்ஃபோன்ல, குழந்தை தூங்குதுன்னு மெதுவா வெச்சு. பாதி வியாதி அங்கேயே இருக்கு. ட்ரம்ஸ் பக்கத்துல அவ்வளவு நேரம் நின்ன காது தற்காலிகமா மந்தமாகும், குறிப்பா மேல் ஸ்தாயி. சத்தம் குறைவா வெச்சா பேஸும் காதுக்கு எட்டாது. ஃப்ளெச்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933-லயே இதை அளந்து எழுதிட்டாங்க. அந்தக் காதை வெச்சு எந்தச் சத்தத்துக்கும் தீர்ப்பு சொல்லக் கூடாது.

மீதிப் பாதி நிஜமாவே மாறியிருந்தது. பேக்கப் எடுக்கல. "எடுக்கவான்னு பெட்டி கேட்டுச்சு சார், நான்தான் அவசரத்துல வேணாம்னுட்டேன்." பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பலாம், ஆனா புது வெர்ஷன்ல சேமிச்சது பல பெட்டிகள்ல பழையதுல ஏறாது. அதனால ஞாயித்துக்கிழமை காலையில, காது தெளிவா இருக்கிறப்போ, என் வீட்டுக்கே வரச் சொன்னேன். போன வருஷக் கச்சேரி வீடியோ அவர் போன்ல இருந்தது. அதை ஓட்டி ஓட்டி, ரெண்டையும் ஒரே சத்த அளவுல வெச்சு (கொஞ்சம் கூட இருக்கிறதுதான் எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி தோணும், ஏமாந்துடாதீங்க) ஒவ்வொண்ணா ஒட்ட வெச்சோம். மதியம் சாப்பாட்டுக்குள்ள பதினொண்ணு தேறிச்சு. ரெண்டு வரவே இல்ல. அந்த ரெண்டு பாட்டையும் இந்த சீசன்ல கீபோர்டுக்குத் தள்ளிட்டாங்களாம்.

வேலை முடிஞ்ச கையோட ஒரு பேக்கப் லேப்டாப்ல, ஒண்ணு பென் டிரைவ்ல. கூடவே ஒவ்வொரு சத்தத்தையும் முப்பது செகண்ட் வாசிச்சு ரெக்கார்டும் பண்ண வெச்சேன். நம்பர் மாறலாம், ரெக்கார்டு மாறாது.

நேத்து ரிவ்யூவுக்கு வந்தார். பிபி 128/84, நல்லாத் தூங்குறாராம். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, "சார், அடுத்த அப்டேட் வந்திருக்கு, போடவா?"ன்னார்.

கடைசிக் கச்சேரி என்னைக்குன்னு கேட்டு, அதுக்கு மறுநாள் தேதியைச் சீட்டுலயே எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.