கருமணலும் கிற்றாரும்



மகனுடைய அறையிலிருந்து மின்கிற்றாரின் முழக்கமும் முரசின் அதிர்வும் கேட்கின்றன. என்னவென்று விசாரித்தால், “இது கிறிஸ்தவ இசைதான் அப்பா” என்று பதில் வருகிறது. இதனை நம்புவதா, விடுவதா என்று பங்குக்குருவிடம் வந்து கேட்கும் பெற்றோர் பலர். கேள்வி நியாயமானதே. ஆனால் அது பெரும்பாலும் வாத்தியத்தைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடுகிறது. ஆர்மோனியம் என்றால் பக்தி, கிற்றார் என்றால் ஐயம். அந்தப் பாட்டு எங்கே பிறந்தது, யாருடைய கண்ணீரைச் சுமந்து வருகிறது என்று கேட்பவர்கள் அரிது. எனவே இவ்வாரம், தமது முதல் இசைத்தொகுப்பிலேயே அந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஓர் இசைக்குழுவைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

1990ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ‘அயோனா’ என்னும் குழுவினரின் முதல் தொகுப்பு வெளிவந்தது. தொகுப்பின் பெயரும் அதுவே. டேவ் பெயின்பிறிட்ஜ் கிற்றாரும் விசைப்பலகையும் இசைத்தார். டேவ் ஃபிற்ஸ்ஜெரால்ட் சக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தார். ஜோவான் ஹொக் பாடினார். அவர்களுடைய இசை ‘புரோகிறசிவ் றொக்’ என்னும் வகையைச் சார்ந்தது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் றொக் பாடலின் எல்லைக்குள் அடங்க மறுத்து, 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான வகை அது. ஒரே ஆக்கம் பல பகுதிகளாக விரியும். தாளம் இடையிலே மாறும். வார்த்தையே இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் நெடுநேரம் பேசும். கேட்பவருக்குப் பொறுமை வேண்டும். விடியவிடியக் கூத்துப் பார்த்த நம் முன்னோருக்கு இந்தப் பொறுமையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திராது!

அயோனா என்பது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், மல் தீவை அடுத்துள்ள ஒரு சிறு தீவின் பெயர். ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளந்தான். 563ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து புனித கொலும்பா, பன்னிரண்டு தோழர்களுடன் தோலால் வேய்ந்த படகிலே அங்கு வந்து இறங்கினார் என்பது மரபு. அவர் ஊரைவிட்டு வந்ததற்குச் சொல்லப்படும் காரணமும் சுவையானது. வேறொருவருடைய திருப்பாடல் ஏட்டை அவர் அனுமதியின்றிப் படியெடுத்தாராம். படி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அரசனிடம் போய், பிறகு போராகவே மூண்டதாம். இறுவட்டுகளைக் கூச்சமின்றிப் படியெடுத்துக் கைமாற்றிய நமக்கு இந்தப் புனிதர்மேல் தனிப் பாசம் ஏற்படலாம். ஆனால் அவர் மூட்டிய ஒளி அணையவில்லை. அவருடைய மடத்திலிருந்து வடபிரித்தானியா எங்கும் நற்செய்தி பரவியது. பின்னாளில் வைக்கிங் கொள்ளையர் கடல்வழியே வந்தனர். 806ஆம் ஆண்டில் மட்டும் அறுபத்தெட்டுத் துறவிகள் அங்கே கொல்லப்பட்டனர். தீவின் ஒரு குடா இன்றும் மறைசாட்சியர் குடா என்றே வழங்கப்படுகிறது.

இந்தத் தீவையும் இந்தக் கடலையும் இந்தப் புனிதரையுமே அக்குழுவினர் தமது முதல் தொகுப்பின் பொருளாக்கினர். இது சாதாரண துணிவன்று. முதல் தொகுப்பு என்பது ஒரு குழு தன்னைச் சந்தையிலே அறிமுகப்படுத்தும் கணம். எது விலைபோகுமோ அதைத்தான் பெரும்பாலானோர் முதலில் எடுத்துவைப்பர். இவர்களோ 597இல் இறந்த ஒரு துறவியைக் கொண்டுவந்து வைத்தனர். ஒரு பாடலுக்கு வெண்மணல் என்று பெயர். இன்னொன்றுக்குக் கொலும்பாவின் ஐரிஷ் பெயரே தலைப்பு.

ஆயினும் அவர்கள் பழைமைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை என்பதனையே நான் அழுத்திக் கூற விரும்புகிறேன். அதே தொகுப்பில் ‘பெய்ஜிங்’ என்றொரு தலைப்பும் உண்டு. 1989 ஜூன் மாதம் தியனென்மென் சதுக்கத்தைச் சூழ்ந்த தெருக்களில் மாணவர்களும் பொதுமக்களும் சுடப்பட்டு வீழ்ந்து ஓராண்டு கழிந்த வேளை அது. ‘சுவரின்மேல் நடனம்’ என்று மற்றொரு தலைப்பு. பெர்லின் சுவர் வீழ்ந்த மறு ஆண்டில் அதனைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. ஆறாம் நூற்றாண்டின் புனிதரும் நேற்றைய குருதியும் ஒரே தொகுப்பில் அருகருகே நின்றனர். செபம் என்பதும் அப்படித்தானே அமைய வேண்டும்?

றொக் இசையைக் குறித்துத் திருச்சபையின் குரல்கள் ஒரே சுருதியில் ஒலித்ததில்லை. கர்தினால் இராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 2000ஆம் ஆண்டு வெளியான ‘திருவழிபாட்டின் ஆன்மா’ என்னும் நூலில் றொக் இசையைக் கடுமையாகவே விமர்சித்தார். பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தில் மனிதன் தன்னையே இழந்துவிடும் நிலை கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எதிரானது என்பது அவர் கருத்து. இன்னொரு பக்கம், திருத்தந்தை பிரான்சிஸ் ஆற்றிய உரைகளின் ஒலிப்பதிவுகள் றொக் இசையோடு இணைக்கப்பட்டு 2015 நவம்பரில் ஒரு தொகுப்பாகவே வெளிவந்தன! 1963இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டோ குழலார்கனுக்குச் சிறப்பிடம் கொடுத்து, புனித பயன்பாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் இடமளித்தது. அதே ஏடு, மக்களினங்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பு வழங்கவேண்டும் என்றும் பணித்தது. இந்தப் பணிப்பைத்தான் நாம் அதிகமாக மறந்துவிட்டோம்.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். அயோனா குழுவின் இசையைத் திருப்பலியில் ஒலிக்கச் செய்ய நான் உடன்படமாட்டேன். அது அதற்காக ஆக்கப்பட்டதன்று. வழிபாட்டில் பாடவேண்டியவர்கள் இறைமக்கள். ஆனால் வீட்டில், இரவில், ஓர் இளைஞன் தனியே அமர்ந்து அதனைக் கேட்டால் தடுக்கவும் மாட்டேன். திருப்பலியில் சினிமா மெட்டுக்கு இயேசுவின் பெயரைப் பொருத்திப் பாடுவதே என்னை அதிகம் வருத்துகிறது. அதற்கு மட்டும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

புல்மோட்டைக் கரையில் நின்று இதனை எண்ணிப்பாருங்கள். இங்குள்ள மணல் கருநிறம் பாய்ந்தது. இல்மனைற், றூற்றைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் அதிலே செறிந்துள்ளன. கறுத்த இல்மனைற்றிலிருந்துதான் தூய வெள்ளை வர்ணப்பூச்சுக்கான பொருள் பெறப்படுகிறது. எனினும் நம் நாடு அதனைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி அனுப்பி வந்திருக்கிறது. வெள்ளைப் பூச்சு பிறநாட்டிலிருந்து விலைக்கு வருகிறது. நமது பக்திப் பாடல்களின் கதையும் இதுவே என்று தோன்றுகிறது. பாடுவதற்குரிய வாழ்வு முழுவதும் இங்கே குவிந்து கிடக்க, பாட்டை மட்டும் நாம் வெளியிலிருந்து வாங்குகிறோம். இறுவட்டு, பிறகு யூரியூப் என்று எத்தனையோ வெளியீடுகள் வந்தன. அவற்றில் மலையும் பனியும் ஓடையும் உண்டு. கொக்கிளாய்க் களப்பு எங்கே? கரைவலை எங்கே?

நம்மிடம் மரபு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் வாசிக்கப்பட்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் புனிதர் வரலாறுகள் வாசாப்பாகவும் கூத்தாகவும் ஆடப்பட்டன. 1965இல் மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் திருப்பாடுகளை மேடையேற்றியது. 1972இல் இத்தாலியின் ஜெனோவா நகர இளைஞர் சிலர், ‘லாத்தே எ மியேலே’ என்ற பெயரில், மத்தேயு நற்செய்தியின் திருப்பாடுகளையே தமது முதல் றொக் தொகுப்பின் பொருளாக எடுத்தனர் என்று அறிந்தபோது எனக்கு நம்முடைய பாஸ்கா மேடைகளே நினைவுக்கு வந்தன.

இனி நான் கூறப்போவது பாரமானது. 2009 மார்ச் தொடக்கம், புதுமாத்தளனிலிருந்து காயமடைந்தவர்கள் கடல்வழியே கொண்டுவரப்பட்டு இந்தப் புல்மோட்டையிலே இறக்கப்பட்டனர். இந்திய மருத்துவர்கள் இங்கே கள மருத்துவமனை அமைத்துச் சிகிச்சையளித்தனர். கையிழந்த பிள்ளைகளும், பிள்ளையை இழந்த தாய்மாரும் இந்த மணலில் கால்வைத்தனர். அதற்கு நெடுங்காலம் முன்பே, 1984இல், அருகிலுள்ள தென்னமரவாடி மக்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியபோது முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று அது எவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பாபிலோன் ஆற்றங்கரையில் யாழை மரத்தில் மாட்டிவிட்டு அழுதவர்களின் துயரம், திருப்பாடல் 137 ஆக வேதாகமத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. நம் கரையின் அழுகை எந்தப் பாடல் நூலில் இருக்கிறது? நம் மேடைகளில் ஆரவாரமான அல்லேலூயாவுக்குக் குறைவில்லை. புலம்பலுக்கு மட்டும் இடமில்லை. திருப்பாடல்களில் கணிசமானவை முறையீடுகளே என்பதைக் குருமடத்தில் படித்தவர்களாகிய நாங்களாவது நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அயோனா குழுவைப் போன்று வாசிக்க முயலாதீர்கள். அது அவர்களுடைய கடல். கொலும்பாவின் தீவை நோக்கி அவர்கள் நடந்ததுபோல் நீங்கள் உங்கள் கரையை நோக்கி நடந்து செல்லுங்கள். பாட்டு எழுதுவது பிறகு ஆகட்டும். பெரிய வெள்ளி இரவில் ஒப்பாரி பாடத் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலர் நம் பங்குகளில் இருக்கின்றனர். கிற்றாரை வீட்டிலே வைத்துவிட்டு, கைத்தொலைபேசியுடன் அவர்களிடம் போங்கள். மாதாவின் புலம்பலை ஒருமுறை பாடச்சொல்லிப் பதிவுசெய்யுங்கள். நடுவே மூச்சு வாங்கினால் பொறுத்திருங்கள். அழுதுவிட்டால் பதிவை நிறுத்தலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அப்படியே ஓடவிடுங்கள்.