லாரிக்குள் ஒரு பாட்டுப் பெட்டி

வீட்டுக்கு வேண்டிய சிறு மரவேலைகளையே இதுகாறும் இப்பகுதியில் எழுதி வந்தோம். இம்மாத வேலை ஒரு லாரியின் கேபினில் அமைந்தது. அதுவும் ஒருவருடைய வீடுதான்.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் நாமக்கல்லுக்கும் மும்பைக்கும் இடையே லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி இரவுகள் அவருக்கும் கிளீனர் பையனுக்கும் படுக்கை, இருக்கைக்குப் பின்னுள்ள பலகைதான். கலம்போலி லாரிப் பேட்டையில் சரக்கிறக்கக் காத்திருந்த ஒரு ஞாயிறன்று நம்மை அழைத்தார். "ஐயா, இளையராஜா பாட்டில் அடியிலே ஓடுகிற கிதார் எனக்குக் கேட்பதேயில்லை. அதற்கென்று வாங்கிய பெட்டியோ படுக்கையில் பாதியைத் தின்றுவிட்டது, பையன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்" என்றார். கடைக்காரர் தலையில் கட்டிய பெட்டி அது. ஆள் படுக்கும் இடம் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பலகைக்கு அடியில் 25 செ.மீ. உயரம் இருந்தது. அதற்குள் அடங்கும் பெட்டி செய்வதென முடிவு செய்தோம்.

சப்வூஃபருக்குப் பெட்டி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அதன் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இவ்விரண்டும் சுற்றி வந்து கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னொலியை அடைத்து வைப்பதே பெட்டியின் முதல் வேலை. முன்பெல்லாம் ஆழ்ந்த ஒலி வேண்டுமாயின் அலமாரியளவு பெட்டி வேண்டும் என்றே கருதினர். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் என்பார், காற்றுப்புகாச் சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்து ஒலிபெருக்கி செய்து காட்டினார். நாம் செய்ததும் அந்த வகைதான். லாரி கேபின் போன்ற சிற்றிடத்தில் தாழ்ந்த ஒலிகள் தாமே ஓங்கிக் கேட்குமாதலால், துளையிட்ட பெரும் பெட்டிக்குத் தேவையில்லை.

உயரம் குறைந்த 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கினோம். உள்ளே 21 லிட்டர் காற்று வேண்டும் என்றது அதன் கையேடு. 50, 28, 15 செ.மீ. என்று அளவு குறித்தோம். பெருக்கினால் சரியாக 21,000 கன செ.மீ. மகிழ்ந்து பலகை அறுத்து, ஒட்டி, இயக்கியும் பார்த்தோம். பாட்டு பானைக்குள்ளிருந்து வந்தது! ஒரே சுரத்தில் முழங்கிற்றேயன்றி கிதாரின் நடை தெரியவில்லை. நமது தவறு யாதெனில், 18 மி.மீ. பலகையின் கனத்தை மறந்ததே. ஒவ்வொரு பக்கத்திலும் இரு பலகைகள் உள்ளிடத்தைக் குறைப்பதால், உண்மையில் இருந்தது 12.9 லிட்டர்தான். இத்தனை ஆண்டுகள் மரவேலை எழுதிவரும் நமக்கு இது தலைகுனிவே.

மறுமுறை வெளியளவை 60, 32, 18 எனக் கொண்டோம். உள்ளே 23 லிட்டர்; ஸ்பீக்கரும் குறுக்குக் கட்டையும் அடைக்கும் இடம் போக வேண்டியது மிஞ்சிற்று. எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆயினும் மழைக்காலத்தில் ஊறிப் பருத்துவிடும். ஆதலால் நல்ல பிளைவுட்டையே தேர்ந்தோம். மூட்டுகளில் பசையிட்டுத் திருகி, உட்புறம் சிலிக்கான் பூசினோம். கூம்பை மெல்ல அழுத்தி விட்டபோது அது சற்றுத் தாமதித்து மெதுவாகத் திரும்பிற்று; காற்று ஒழுகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். ஸ்பீக்கர் தரையை நோக்குமாறு 5 செ.மீ. கால்களை வைத்தோம்.

இனி மின்சாரம். இதில் அலட்சியம் கூடாது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகள் தொடராய் இணைந்து 24 வோல்ட் தருகின்றன. காருக்குரிய ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட்டில் இயங்குவது. பலர் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகின்றனர். அப்பாட்டரி வற்றும், மற்றது அளவுக்கு மீறி மின்னேற்றம் பெற்றுக் கெடும். நெடுவழியில் வண்டி கிளம்பாமல் நின்றால் வாடகையும் போகும், சரக்கும் போகும். ஆகவே 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை இடையே வைத்தோம். பாட்டரியை ஒட்டியே ஃபியூஸ் ஒன்றும் இட்டோம். கம்பி உராய்ந்து தரையைத் தொட்டாலும் தீப்பற்றாது காப்பது அதுதான்.

ஒலியின் அளவு குறித்து அன்பருக்கும் நமக்கும் சிறு வாதம் நிகழ்ந்தது. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் அந்நேரம் பாதியாகச் சுருங்கும். என்ஜின் இரைச்சலே அதில் பெரும்பங்கைக் கொண்டுவிடுகிறது. பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலியும் காதில் விழவேண்டுமன்றோ? 2025 அக்டோபர் முதல் செய்யப்படும் லாரிகளுக்குக் குளிர்சாதனக் கேபின் கட்டாயமாகிவிட்டது. கண்ணாடி ஏற்றிய வண்டியில் வெளியொலி இன்னும் குறையும். அன்பர் முணுமுணுத்தார், எனினும் ஆம்ப்ளிஃபையரின் திருகைப் பாதிக்குக் கீழே நிறுத்த இசைந்தார்.

கடைசியாகப் பெட்டியை நான்கு போல்ட்டுகளால் தரையோடு இறுக்கினோம். திடீரென பிரேக் பிடித்தால் அத்துணைக் கனம் பறந்து வந்து முதுகில் மோதும். வேலை முடியுமுன்னே பையன் பலகையில் ஏறிக் காலை நீட்டிப் பார்த்தான். கால் முழுதாக நீண்டது. பாட்டைப் போட்டபோது அவன் உறங்கிவிட்டிருந்தான்.