பத்திரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு



"பத்திரம் எங்கே?" வங்கிக்குப் போனால் மேலாளர் இப்படிக் கேட்கிறார். தாராவிச் சந்துக்குள் அளவெடுக்க வருகிறவரும் இதையே கேட்கிறார். கல்யாணத்திற்கு வரன் பார்க்க வந்த சம்பந்தி வீட்டாரும், "சொந்த ரூம்தானே, பத்திரம் இருக்கிறதா?" என்று காதோடு காதாக விசாரிக்கிறார்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இனி நாம் கேட்க வேண்டிய முறை. எங்களிடம் பத்திரம் இல்லாமல் போனதற்கு யார் காரணம்?

நெல்லைச் சீமையிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த நம் பாட்டன்மார் தாராவித் தோல் பட்டறைகளில் சுண்ணாம்பிலும் நாற்றத்திலும் நின்று உழைத்தார்கள். சதுப்பிலே மண்ணையும் குப்பையையும் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டார்கள். அன்று அந்த இடத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் ஆளில்லை. 1976-இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோபாஸ் கொடுத்தது. குடும்பத் தலைவன் படத்தை ஒட்டி முத்திரை குத்திய அந்த அட்டையை நம் தாய்மார் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் அது சொத்துப் பத்திரம் அல்ல. "நீ இங்கே இருக்கிறாய்" என்பதற்கான சாட்சி மட்டுமே. பின்னர் கெடு நாள் 1985 என்றார்கள், 1995 என்றார்கள், 2000 என்றார்கள், 2011 என்றார்கள். தேதிதான் நகர்ந்தது, பத்திரம் வரவில்லை. மின்சாரக் கட்டணம் வாங்கினார்கள், தேர்தல்தோறும் ஓட்டும் வாங்கினார்கள். பத்திரம் மட்டும் கொடுக்கவில்லை.

பத்திரமில்லாத வீட்டை நம் மக்கள் எப்படி வாங்கி விற்றார்கள்? நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு பவர் ஆப் அட்டர்னி, ஓர் ஒப்பந்தம், நோட்டரியின் சிவப்பு முத்திரை, இரண்டு சாட்சிக் கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் சட்டம் சொல்வது வேறு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படியும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படியும் நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனையைப் பதிவு செய்தே தீர வேண்டும். நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. பவர் வாங்கி எழுதுவதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. கொடுத்தவர் இறந்தால், பொதுவாக அந்தப் பவரும் அவரோடு செத்துவிடுகிறது.

நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. கணவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தார், மனைவி இட்லி விற்றார். மூன்று சீட்டுப் பணத்தைச் சேர்த்து ஒரு ரூம் வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தவர் ஊருக்குப் போய் இறந்தார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். "எங்கள் அப்பா பெயரில்தான் போட்டோபாஸ். ரூம் எங்களுடையது." அந்தத் தாய் தான் கட்டிய வீட்டுக்கே இரண்டாம் முறை விலை கொடுத்தார். அன்று போட்ட ஸ்டாம்ப் பேப்பரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் எங்கள் சங்கத்தார் ஒருவரும் உண்டு. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இனி வங்கிக்கு வருவோம். உரிமைப் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் அடமான முறைக்குச் சட்டம் முதலில் இடம் கொடுத்த ஊர்களில் சென்னையும் கல்கத்தாவும் பம்பாயும் உண்டு. அந்தப் பம்பாயிலேயே உழைப்பாளிக்கு ஒப்படைக்கப் பத்திரம் இல்லை! ரயில்வே குமாஸ்தாக்களான எங்களுக்கு வீடு கட்ட முன்பணம் உண்டு. ஆனால் அந்த வீட்டைக் குடியரசுத் தலைவர் பெயருக்கு அடமானம் எழுத வேண்டும். அதற்கும் தெளிவான பத்திரம் வேண்டும். தாராவி ரூமை வைத்து அது நடக்குமா?

சரி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி செம்பூரில் பழைய சொசைட்டி கட்டடம் ஒன்றில் 30 லட்சத்துக்கு ஒற்றை அறை வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி முதல் உரிமையாளர் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை ஒப்பந்தச் சங்கிலி முழுவதையும் கேட்கும். ஷேர் சர்டிபிகேட், சொசைட்டியின் ஆட்சேபமில்லாக் கடிதம், பதிவு அலுவலகத்து இண்டெக்ஸ் டூ என்று பட்டியல் நீளும். நடுவில் ஒரு தாள் தொலைந்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த அளவுக் கடனில் விலையில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். ஆக 3 லட்சம் நம் கையிலிருந்து. மும்பையில் ஸ்டாம்ப் வரி 6 சதவீதம், அது 1,80,000. பதிவுக் கட்டணம் 30,000. இவற்றை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் தரமாட்டார்கள். ஆக 5,10,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால்தான் வங்கியின் கதவு திறக்கும். அதற்கு மேல் வக்கீல் கட்டணம். பத்திரம் பார்க்கும் அந்த வக்கீலுக்குப் பணம் கொடுப்பவர்கள் நாம். அவர் காப்பதோ வங்கியின் பணத்தை. "வங்கி வக்கீல் பார்த்துவிட்டார், பயமில்லை" என்று நம்பி ஏமாறாதீர்கள்!

மெத்தப் படித்த சிலர் சொல்கிறார்கள்: "சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே? டெபாசிட் போட்டவன் பணத்தை வங்கி காப்பாற்ற வேண்டாமா?" காப்பாற்றட்டும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் குடிசை மறுசீரமைப்புத் திட்டத்தில் நடப்பதைப் பாருங்கள். நாம் இருந்த அதே மண்ணில் ஒரு பக்கம் நமக்கு அடுக்குமாடி, மறுபக்கம் பில்டருக்கு விற்பனைக் கோபுரம். அந்தக் கோபுரத்தில் வீடு வாங்குகிறவருக்கு அதே வங்கி கடன் கொடுக்கிறது. நேற்று வரை பத்திரம் பிறக்காத மண்ணில் இன்று மட்டும் பத்திரம் முளைத்தது எப்படி? பத்திரம் மண்ணில் விளைவதில்லை ஐயா, அரசு கொடுத்தால் உண்டு!

தாராவித் திட்டம் இன்று அதானி குழுமத்துக்கு 80, அரசுக்கு 20 என்ற பங்கில் நடக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி. அதற்குப் பின் 2011 வரை வந்தவர் இரண்டரை லட்சம் கட்டி வெளியே போக வேண்டும். மேல்மாடிக்காரருக்கு வெளியே வாடகை வீடு, தவணையில் சொந்தமாக்கலாமாம். எல்லாவற்றையும் தீர்மானிப்பது மறுபடியும் காகிதம்தான்!

ஆகவே முதலில் நம் வீட்டைச் சரி செய்வோம். ஊரில் நம் பெயர் இனிஷியலோடு. ரேஷன் கார்டில் அப்பா பெயர் பின்னால். ஆதாரில் வேறு எழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நாய் படாத பாடு படுகிறோம். இன்றே திருத்துங்கள். பழைய மின்ரசீதையும் போட்டோபாசையும் வாக்காளர் பட்டியல் நகலையும் ஒரே பையில் வையுங்கள். அசலை எவர் கையிலும் கொடுக்காதீர்கள். தகப்பனார் காலமானால் வாரிசுப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மறுசீரமைப்பு வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் வர வேண்டும். தாய்மார் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கடன் வாங்கினவர்கள் ஒப்படைத்த பத்திரங்களுக்குப் பட்டியல் எழுதி வாங்குங்கள். கடன் முழுவதும் அடைத்த 30 நாளில் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் கட்டளை. இது நம் உரிமை, அவர்கள் போடும் பிச்சை அல்ல. தவணை தவறி வங்கியிலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்தால் பிரிக்காமல் வைக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் உண்டு. அன்றே சங்கத்துக்கு வாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை. ஒப்படைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வங்கி ஏற்கும் பதிவுப் பத்திரம் வேண்டும். மேல்மாடிக்காரரையும் தாராவியிலேயே குடியமர்த்த வேண்டும். நாம் கையெழுத்திடும் ஒவ்வொரு தாளையும் நம் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். சங்கமும் ஒரு சபதம் ஏற்கிறது. இனி எங்கள் ஆட்கள் எவரும் பதிவில்லாத விற்பனைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

சதுப்பை மேடாக்கியது நம் உழைப்பு. அந்த மேட்டுக்கு நம் பெயரில் பத்திரம் எழுதும் நாள் வரை, "பத்திரம் எங்கே?" என்று நாம்தான் அவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்!