வண்டியின் ஸ்பிரிங்கும் வீட்டாரின் சௌகரியமும்



மைசூரில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கு, ஊர்ப் பிரயாணம் என்றால் சாமராஜநகர் கடந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சத்தியமங்கலம் சேர்வதே வழக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகப் புறப்பட்டால், காரின் பின்புறம் தாழ்ந்து வேகத்தடைகளில் அடி தட்டுகிறது. வளைவுகளில் வண்டி சாய்கிறது. "கெட்டியான ஸ்பிரிங் மாற்றிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் உடனே பிறக்கிறது. மாற்றலாம், ஆனால் பின் ஆசனத்தில் அமரும் பாட்டியாரின் இடுப்பையும் கேட்டுக்கொண்டு மாற்றவேண்டும்!

ஸ்பிரிங்கின் கடமை தாங்குவது. ஷாக் அப்சார்பரின் கடமை அடக்குவது. பள்ளத்தில் இறங்கிய சக்கரத்தின் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை ஊஞ்சல்போல் ஆட்டிக்கொண்டே இராதபடி, ஷாக் அப்சார்பரிலுள்ள எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருங்கிப் பாய்ந்து, அவ்வாட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குகிறது. இவ்விரண்டும் பொருத்தமான தம்பதிகளாய் இருத்தல் வேண்டும். கெட்டியான புது ஸ்பிரிங்கைத் தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு சேர்த்தால், வண்டி துள்ளிக்கொண்டே செல்லும்.

ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மைக்கு ஒரு கணக்கு உண்டு. வண்டியின் பாரத்தால் ஸ்பிரிங் சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்குமானால், வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 தடவை ஊசலாடும். 11 சென்டிமீட்டரே அமுங்குமானால் அது 90 ஆகும். 6 சென்டிமீட்டர் என்றால் 120-க்கும் சற்று மேற்படும். 60-க்கும் 90-க்கும் இடைப்பட்ட ஆட்டம் நம் உடலுக்கு இதமானது. அதற்கு மேலே போகப் போக, ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் பேசத் தொடங்கும். ஐவர் பாரத்துக்கென்று போட்ட ஸ்பிரிங், வண்டியில் ஒருவரே செல்லும் நாளில் இன்னும் குறைவாக அமுங்கும். ஆண்டில் பத்து நாள் ஊர்ப் பிரயாணத்துக்காக, மற்ற நாளெல்லாம் குலுங்குவது நியாயமாகுமா?

முன்புறத்தை மட்டும் கெட்டிப்படுத்துவதும் தகாது. ரோல்ஸ்-ராய்ஸிலும், பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலும் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற பொறியியல் வல்லுநர், 1930-களில் இதைத் தெளிவாக்கினார். மேட்டை முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் கணப்பொழுது கழித்தே ஏறுகிறது. பின்புறத்தின் ஆட்டம் சற்று விரைவாக இருந்தால், அது முன்புறத்தை எட்டிப் பிடித்துவிடும். வண்டி முழுவதும் ஒருசேர எழுந்து தாழும். இம்முறை தலைகீழானால், தொட்டில் போல் முன்னும் பின்னும் ஆடி, குழந்தைகளுக்குக் குமட்டல் உண்டாகும்.

வளைவில் சாயும் குறைக்கு ஸ்பிரிங் ஒன்றே மருந்தன்று. இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற இரும்புத் தண்டு, ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்போதுதான் முறுகி எதிர்க்கும். இரு சக்கரமும் ஒருங்கே வேகத்தடை ஏறினால் அது குறுக்கிடாது. ஆதலின் உற்பத்தியாளரே அதே மாதிரிக்குச் சற்றுத் தடித்த தண்டை வழங்கியிருப்பின், அது நல்ல வழி. ஒற்றைச் சக்கரம் குழியில் விழும்போது மட்டும் குலுக்கல் சிறிது கூடும்.

பணம் செலவழிக்குமுன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை சில. முதலாவது, டயரின் காற்று: ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள அட்டவணைப்படி, பாரத்துக்கேற்ப வைக்கவேண்டும். டயரே வண்டியின் முதல் ஸ்பிரிங். அழகுக்காகப் பெரிய சக்கரமும் தட்டை டயரும் மாட்டுவோர் அந்த ஸ்பிரிங்கையே இழக்கின்றனர். இரண்டாவது, ரப்பர் புஷ்கள்: இறுகி வெடித்திருந்தால் மாற்றவேண்டும். மூன்றாவது, ஷாக் அப்சார்பர்: எண்ணெய் கசிந்தாலும், வண்டியின் மூலையை அழுத்தி விட்டதும் பலமுறை ஆடினாலும், இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. தேய்ந்ததை விட்டுவைத்தால் சக்கரம் சாலையைப் பற்றாது. பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். 2023 மார்ச்சில் திறக்கப்பெற்ற பெங்களூர் விரைவுச்சாலையில் இது உயிர்ப் பிரச்சினை. இத்தனையும் செய்த பின்னும் பின்புறம் தாழ்ந்தால்தான் ஸ்பிரிங். அதுவும் ஒரு படி மட்டுமே கெட்டியானதாய், இணையான ஷாக் அப்சார்பருடன். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

1958 முதல் 2014 வரை தயாரான அம்பாசடர் காருக்குப் பின்புறப் பட்டை ஒன்றைக் கூட்டிப் போட்டதைப் பெரியவர்கள் அறிவார்கள். இன்று அதன் இடத்தில் ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர் கட்டைகள் வந்துள்ளன. செருகிய சுருள் வேலை செய்யாது; எஞ்சிய சுருள்களே எல்லாவற்றையும் தாங்கும். அதனால் உயரம் கிடைக்கும், இதம் போகும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் வகுத்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. ஆகவே வண்டியை உயர்த்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டாரையும் விசாரித்துக்கொள்வது விவேகம்.

கெட்டி வேறு, உறுதி வேறு. வளைந்து கொடுத்துத் தாங்குவதே நல்ல வண்டிக்கு இலக்கணம். நல்ல குடும்பத்துக்கும் அதுவே அன்றோ!