எந்தப் பதிவேட்டில் நம் பெயர்?



டிசம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக் பூரணையோடு நிறைவுறும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணி உறங்குவதில்லை. ஹட்டனிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வரும் பேருந்துகள் இரவெல்லாம் மக்களை இறக்கிவிடுகின்றன. படிவழி நெடுகிலும் எரியும் விளக்குகள் மலையுச்சிவரை ஒரு மாலைபோல் தோன்றுகின்றன. புத்தபிரானின் பாதச்சுவடென்று பௌத்தரும், சிவபெருமானின் திருவடியென்று இந்துக்களும், ஆதிபிதா ஆதாமின் அடிச்சுவடென்று இஸ்லாமியரும் கிறிஸ்தவருட் சிலரும் போற்றும் மலை அது. புனித தோமாவோடு அதனைத் தொடர்புபடுத்தும் மரபும் நம்மிடையே உண்டு. ஏறுகின்றவர்களும் இறங்குகின்றவர்களும், முன்பின் அறியாதவர்களாயினும், ஒருவருக்கொருவர் ஆசி கூறிச் செல்கின்றனர்.

வெசாக் கழிந்ததும் விளக்குகள் அணைகின்றன; கடைகள் மூடப்படுகின்றன; தென்மேல் பருவமழை தொடங்குகிறது. எஞ்சி நிற்பவர்கள் சுற்றிலுமுள்ள தோட்டங்களின் மக்களே. யாத்திரிகர் வந்து போகின்றவர்கள். இவர்களோ அங்கேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கொய்து, அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்படுகின்றவர்கள்.

இக்காட்சி நமக்கு ஒரு கேள்வியை விடுக்கிறது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கூடும் நாம் எத்தகையோர்? ஒரே இடத்தில் ஒரு மணிநேரம் நின்று, பின்னர் அவரவர் வழியே கலைந்து செல்லும் யாத்திரிகரா? அல்லது ஒருவர் வராவிட்டால் அவர் எங்கே என்று மற்றவர் தேடும் குடும்பமா? சாதாரண நாட்களில் இக்கேள்வி நம்மை உறுத்துவதில்லை. நிலம் சரியும் நாளில் அதற்கு விடை கூறாமல் இருக்க இயலாது.

பட்டியலில் இல்லாதோர்

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நம் நாட்டைத் தாக்கியது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பேரிழப்பைச் சந்தித்தன. பாடசாலைகளும் விகாரைகளும் கோவில்களும் நம் ஆலயங்களும் புகலிடங்களாயின. அந்நாட்களில் சமயம் பாராமல் சோறு பகிரப்பட்டது. மொழி பாராமல் கண்ணீர் துடைக்கப்பட்டது. இறைவனுக்கு நன்றி கூறவேண்டிய நினைவு அது.

மழை விட்டபின் மற்றொரு வேதனை தலைதூக்கியது. வீட்டை முற்றாக இழந்தோருக்கு அதனைக் கட்டியெழுப்ப 50 இலட்சம் ரூபாவும், அபாயமான இடத்திலிருந்து வெளியேற வேண்டியோருக்கு அரச காணி கிடைக்காவிடின் காணி வாங்க 50 இலட்சம் ரூபா வரையும் வழங்கப்படுமென அரசாங்கம் 2025 டிசம்பரில் அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பே. ஆயினும் லயன் அறையில் வாழும் குடும்பம் எந்த வீட்டை இழந்ததாகக் கணக்கிடப்படும்? உறுதிப்பத்திரம் இல்லாத அறைக்கு உரிமையாளர் யார்? ஓர் அறைக்குள் தாய் தந்தையரும் மணமுடித்த பிள்ளைகளும் வாழ்ந்தால் அது ஒரு குடும்பமா, மூன்று குடும்பங்களா? தோட்டங்களில் வாழ்வோருள் ஒரு சிறு பகுதியினரே இன்று அங்குத் தொழிலாளராகப் பதிவு பெற்றுள்ளனர். ஓய்வு பெற்றோரும், நகரக் கடைகளில் வேலை செய்யும் இளையோரும், வெளிநாடு சென்ற தாயின் பிள்ளைகளைப் பராமரிக்கும் பாட்டிமாரும் எந்தப் பட்டியலில் இடம்பெறுவர்?

இவர்களை வடக்கிலோ கிழக்கிலோ குடியமர்த்தலாமே என்ற பேச்சும் எழுந்தது. அழைப்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவேண்டியதில்லை. எனினும் இடைத்தங்கல் முகாமில் அமர்ந்திருக்கும் ஒரு தாயின் உள்ளத்தில் எழும் கேள்வி வேறு: “எங்கள் லயத்து ஆட்களெல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போவோமா?”

அதில் ஒரு நூற்றாண்டின் அச்சம் அடங்கியிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்த அண்ணன் நீலகிரியின் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான். தம்பி மஸ்கெலியாவில் நின்றான். அங்கே போனவர் ‘சிலோன்காரர்’ எனப்பட்டார். இங்கே நின்றவர் ‘இந்தியாக்காரர்’ எனப்பட்டார். நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டு புத்தகங்கள்

மலையகக் கத்தோலிக்கரின் பெயர் நெடுங்காலமாக இரண்டு புத்தகங்களில் எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று தோட்டத்துச் செக்ரோல். காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்தவர் யார், அன்று பேர் விழுந்தது யாருக்கு, கொழுந்து எத்தனை கிலோ என்பதை அது கூறும். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டமும் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துமாறு முன்மொழிந்தபோது, நாளாந்த வரவுக்கென 200 ரூபாவைத் தனியே ஒதுக்கியது. உழைப்புக்கு ஏற்ற கூலி நீதியானது. அது இன்னும் உயரவேண்டும். ஆனால் செக்ரோல் மனிதரை அவர் வேலைக்கு வரும்வரைதான் நினைவில் வைத்திருக்கும். முதுமையடைந்ததும் பெயர் நீங்கிவிடும்.

மற்றது பங்கின் திருமுழுக்குப் பதிவேடு. அதில் குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர் எழுதப்படுகின்றன. அக்குழந்தை வளர்ந்து எந்த நாட்டில் திருமணம் செய்தாலும், அச்செய்தி திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு அதே பெயரின் அருகில் குறிக்கப்படுகிறது. வேலை போனாலும், நாடு மாறினாலும், ஆலயத்துக்கு வருவதையே அவர் நிறுத்திவிட்டாலும் அப்பெயரை யாரும் அழிப்பதில்லை. சட்டம் ‘நீ எந்த நாட்டவன் அல்லன்’ என்று கூறிய காலத்திலும், அந்தப் பழைய புத்தகம் ‘நீ இன்னாரின் மகன், இன்னாரின் ஞானமகன், எங்களவன்’ என்று கூறிக்கொண்டே இருந்தது.

இதில் பெருமைகொள்வதற்கு முன் நம்மையே ஆராய்வோம். பதிவேட்டில் பெயர் எழுதுவது எளிது. அப்பெயருக்குரியவரைத் தேடிச் செல்வது எளிதன்று. கொரிந்து நகர் இறைமக்களைப் புனித பவுல் கடிந்துகொண்டது எதன்பொருட்டு? அவர்கள் செபிக்கவில்லை என்பதற்காக அன்று. ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடிய இடத்திலேயே வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதோர் பசியோடு நின்றனர் என்பதற்காகவே. இத்தகைய கூடிவருதல் ஆண்டவரின் விருந்தே ஆகாது என்கிறார் அவர் (1 கொரி 11). ஒன்றாகச் செபித்தும் ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாதிருந்தால் அங்கு வழிபாடே குறையுடையதாகிறது என்பதே அவரது தீர்ப்பு.

ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தில் ‘நான்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ‘எங்கள்’ என்பதே ஒலிக்கிறது. நகர ஆலயத்தில் காலையில் சிங்களத் திருப்பலிக்கு வருவோரும், அடுத்துத் தமிழ்த் திருப்பலிக்கு வருவோரும் வாசலில் புன்னகைத்து விலகிச் செல்கின்றனர். அவரவர் மொழியில் வழிபடுவது இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் நமக்குத் திறந்துவிட்ட வாசல். அதனை நாம் மூடவேண்டியதில்லை. ஆனால் ‘எங்கள்’ என்று சொல்லும்போது அடுத்த திருப்பலிக்காரர் நம் நினைவில் வருகிறாரா? லயத்தில் நீர் புகுந்த குடும்பம் வருகிறதா?

நம் மண்ணிலேயே உள்ள முன்மாதிரி

புனித யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் உடையில் இலங்கை வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்கள் இன்றி இறைமக்கள் தவித்த காலம் அது. அவர் தமிழும் சிங்களமும் கற்றார். தாம் எல்லா இடங்களிலும் இருக்க இயலாதென்பதை உணர்ந்து, ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். குரு வராத நாட்களிலும் செபம் நின்றுவிடாதபடி மக்களைக் கூட்டியவர்கள் அவர்களே. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, சமயம் பாராமல் அவர்களைத் தேடிச் சென்று பணிசெய்தார் அடிகளார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, கூடிச் செபிப்பதும் கைவிடப்பட்டோரைத் தேடுவதும் ஒரே அருட்பணியின் இரு கைகள் என்பதையும் அறிவித்தார் எனலாம்.

பிற்காலத்தில் இயேசு சபைக் குருவான போல் காஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவி, சிங்களரும் தமிழரும் ஒன்றாக உழைத்துத் தோட்ட மக்களின் உரிமைக்குக் குரல்கொடுக்கும் களமாக அதனை வளர்த்தார். இம்மக்களின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவுற்ற 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோரின் பாதையில் நடந்த பயணத்திலும் கிறிஸ்தவர்கள் முன்னின்றனர். கால்களாலும் செபிக்கலாம் என்பதை அப்பயணம் காட்டியது.

இன்று நாம் செய்யக்கூடியது

முதலாவதாக, மீள்குடியேற்றத்தில் மக்களைச் சிதறடிக்கக்கூடாது என்று நாம் உரத்துக் கூறவேண்டும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. உயிர் தப்பியோர் புதிய வீடுகளுக்காக ஏறத்தாழ இரண்டாண்டுகள் காத்திருந்தனர். அப்படிப்பட்ட காத்திருப்பு மீண்டும் நேரக்கூடாது. அதுபோலவே, அவசரத்தில் ஒரு லயத்தை ஐந்து ஊர்களுக்குப் பிரித்தனுப்புவதும் நேரக்கூடாது. நல்லதண்ணிக்குப் போகும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். 1960களின் பிற்பகுதியில் பழைய மஸ்கெலியா நகரம் அந்நீருக்குள் மறைந்தது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது பழைய கோவில் வெளியே தெரிகிறது. மக்கள் திரண்டு சென்று பார்க்கின்றனர். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தாங்கள் கூடி வணங்கிய இடத்தை மனிதர் மறப்பதில்லை. வீட்டுக்குக் காணி அளக்கும்போது, அம்மக்கள் கூடுவதற்கும் வழிபடுவதற்கும் ஓரிடம் அளக்கப்படவேண்டும். இது கத்தோலிக்கருக்கு மட்டுமான கோரிக்கை அன்று. கோவிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் அது பொருந்தும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு பங்கும் ஒரு மூன்றாம் பதிவேட்டைத் திறக்கட்டும். இடம்பெயர்ந்தோர், நிவாரணப் பட்டியலில் விடுபட்டோர், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலைசெய்யும் நம் பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், முதியவர் ஒருவரைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் சென்று படிவத்தை நிரப்பிக் கொடுப்பாராயின், அதுவும் அந்த ஞாயிறின் காணிக்கையே.

மூன்றாவதாக, புதிய குடும்பம் வந்து சேரும் பங்கு அதனை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடாது. திருமுழுக்கின்போது ஞானப் பெற்றோரைத் தருவதுபோல, வந்து சேரும் குடும்பத்துக்கு ஒரு துணைக்குடும்பத்தைத் தருவோம். பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்புக்கு அழைத்துச் செல்லவும், பாடற்குழுவில் இடம் கொடுக்கவும், நோயுற்றால் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவும் ஒரு வீடு பொறுப்பேற்கட்டும்.

நான்காவதாக, குரு மாதத்துக்கு ஒருமுறையே வரக்கூடிய தோட்டங்களில் எஞ்சிய ஞாயிறுகள் வெறுமையாகக் கழியக்கூடாது. யோசேப் வாஸ் அடிகளாரின் அண்ணாவியார்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர்: உபதேசியார், செபமாலைக்கு மணியடிக்கும் பெரியவர், இறைவாக்கை வாசிக்கும் மாணவி. அவர்களை ஊக்குவிப்பதும் பயிற்றுவிப்பதும் குருக்களாகிய எங்கள் கடமை. அதில் நாங்கள் தவறியிருப்பின், பொறுத்துக்கொண்டு நினைவூட்டுங்கள்.

அன்பானவர்களே, பருவகாலம் முடிந்ததும் மலைப்படிகளின் விளக்குகள் அணைந்துவிடும். அதன்பின்னும் லயத்தின் ஓரறையில் மாலைச் செபத்துக்காக ஏற்றப்படும் சிறு விளக்கு அணையாதிருக்கிறது. அதனைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் நம்மவர்கள். வரும் ஞாயிறு ஆலயத்துக்குள் நுழையும்போது, வழக்கமாக உங்கள் அருகில் அமர்பவர் வந்திருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வரவில்லையெனில், திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குப் போங்கள்.

இறைவா, எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருப்பவரே, ஒருவரையொருவர் மறவாத மனத்தை எங்களுக்குத் தாரும். வீடிழந்தோருக்கு வீட்டையும், சிதறியோருக்கு ஒன்றிணைந்து வாழும் நாளையும், கூடிச் செபிக்கும் எங்களுக்குப் பகிர்ந்து உண்ணும் கைகளையும் தந்தருளும். ஆமென்.