சிவப்பு காலிப்பர் காரை நிறுத்தாது: பிரேக்குக்குச் செலவு செய்யும் முன் தெரிய வேண்டியவை

தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை சொந்த ஊர், வருடத்துக்கு இரண்டு தடவை மலைப் பயணம். இப்படி ஓடுகிற சாதாரண ஹேட்ச்பேக் காரில் 40,000 கிலோமீட்டர் தாண்டியதும் "பிரேக் முன்ன மாதிரி பிடிக்கல" என்ற சந்தேகம் பலருக்கும் வருகிறது. போனில் தேடினால் துளை போட்ட டிஸ்க், சிவப்பு பெயின்ட் அடித்த பெரிய காலிப்பர், ‘ரேஸிங்’ பேடு என்று வரிசையாக வந்து நிற்கின்றன. கடைக்காரரும் தன் பங்குக்கு, "சார், இதைப் போட்டுப் பாருங்க, தொட்டா நிக்கும்" என்கிறார்.

காசு வீணாவது ஒரு பக்கம். தவறான இடத்தில் செலவு செய்துவிட்டு, ‘நம்ம பிரேக் இப்ப சூப்பர்’ என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. அன்றாடம் ஓட்டும் காருக்கு பிரேக் மேம்பாடு டயரில் தொடங்க வேண்டும். அடுத்து பிரேக் ஆயில், அதற்கடுத்து பேடு. பெரிய காலிப்பர் அந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது தேவையே இல்லை.

காரை நிறுத்துவது எது?

பிரேக் நிறுத்துவது சக்கரத்தின் சுழற்சியை. காரை நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிமானம். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பெடலை ஓங்கி மிதிக்கும்போது காலுக்கடியில் தடதடவென அதிர்ந்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். டயர் தாங்கும் அளவையும் மீறி பிரேக் பிடித்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய காலிப்பர் மாட்டினாலும், அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது.

கணக்கும் எளிதுதான். 100 கி.மீ. வேகத்தில் ஓட்டுநர் சுதாரித்து பெடலை மிதிக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள்ளேயே கார் 28 மீட்டர் போய்விடும். நல்ல டயரோடு காய்ந்த சாலையில் அதற்குமேல் சுமார் 50 மீட்டர் தேவை. மழையிலோ தேய்ந்த டயராலோ பிடிமானம் 40 சதவீதம் குறைந்தால், அந்த 50 மீட்டர் 80 மீட்டரைத் தாண்டிவிடும். இந்த 30 மீட்டரை எந்த காலிப்பரும் மீட்டுத் தராது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது டயரை. பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு போல ரப்பர் துண்டுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயரின் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது.

யாரும் கவனிக்காத பிரேக் ஆயில்

காரின் வேகத்தை பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. 1,200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் இருந்து ஒருமுறை நின்றால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் உருவாகிறது. சமவெளியில் அது காற்றில் ஆறிவிடும். மலை இறக்கத்தில் கதை வேறு. அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது, அதுபோன்ற 25 நிறுத்தங்களுக்குச் சமமான ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்குபவர், அந்த ஆற்றலில் பெரும்பகுதியை டிஸ்க் மீதும் பேடு மீதும் ஏற்றுகிறார்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகிறது. இந்த ஆயிலுக்கு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. டாட் 4 என்றால் 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு இந்த வரம்புகள் 140, 155 என்று இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. கால் தரை வரை போய்விடும். வளைவின் நடுவே அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதற்கான மருந்து மலிவானது. பல கார்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றச் சொல்வார்கள். காரோடு வந்த கையேட்டைப் பார்த்தால் சரியான கெடு தெரியும். ஆயிலுக்கான செலவு சில நூறு ரூபாய்தான். கையேடு அனுமதித்தால் டாட் 3க்குப் பதில் டாட் 4 போடலாம். டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு சேராது. இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குவதற்கோ காசே வேண்டாம்.

பேடு: எது போதும்?

பேடு விஷயத்தில் மேம்பாட்டுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறது. ஆர்கானிக் பேடு சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் அதிகச் சூட்டைத் தாங்காது. செமி மெட்டாலிக் சூட்டைத் தாங்கும். சத்தமும் தூசும் கூடும், டிஸ்க்கும் கொஞ்சம் வேகமாகத் தேயும். செராமிக் பேடில் தூசு குறைவு, விலை அதிகம்.

பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலையில் உள்ள உராய்வையும், இரண்டாவது சூடான பிறகு உள்ள உராய்வையும் குறிக்கும். ‘இ’யைவிட ‘எஃப்’ அதிகம், அதைவிட ‘ஜி’ அதிகம். ‘எஃப்இ’ என்றிருந்தால் சூடானதும் பிடி குறையும் என்று பொருள். அன்றாட காருக்கு ‘எஃப்எஃப்’ தாராளமாகப் போதும்.

ரேஸ் டிராக்குக்கான பேடுகள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் தெரு முனையில் திடீரென சைக்கிள் குறுக்கே வரும்போது அவை குளிர்ந்தே இருக்கும். அங்கே கம்பெனி பேடே மேல்.

துளை போட்ட டிஸ்க், பெரிய காலிப்பர்

பழைய பேடுகள் சூட்டில் வாயு வெளியிட்டதால், அது வெளியேற வழியாக டிஸ்க்கில் துளை போட்டார்கள். இன்றைய பேடுகளில் அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. மலிவான டிஸ்க்கில் போட்ட துளைகளில் இருந்து விரிசல் தொடங்கவும் வாய்ப்பு உண்டு.

முன்பக்கம் மட்டும் பெரிய காலிப்பர் மாட்டினால், முன் பின் பிரேக் சமநிலை மாறுகிறது. பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் தேவைப்படுவதால் பெடல் இன்னும் கீழே போகலாம். 14 அங்குல வீலுக்குள் அது நுழையாமலும் போகலாம். அப்புறம் வீலுக்கும் செலவு. பின்பக்க டிரம்மை டிஸ்க்காக மாற்றுவதும் இப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையின் பெரும்பகுதியை முன்சக்கரங்களே செய்கின்றன.

அப்படியானால் இது யாருக்கு? இன்ஜின் சக்தியைக் கூட்டியவர்களுக்கும், இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற டிராக்குகளில் ஓட்டுபவர்களுக்கும். அங்கே பிரேக் திரும்பத் திரும்பச் சூடேறும், பெரிய டிஸ்க் அந்தச் சூட்டைத் தாங்கும். ஓஎம்ஆர் டிராஃபிக்கில் அந்தத் தேவை எழுவதில்லை.

வாங்கும் முன், வாங்கிய பின்

‘பிடிக்கல’ என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் பராமரிப்புக் குறைவுதான். காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம், பேடு தேய்ந்திருக்கலாம். இவற்றைச் சரிபார்க்காமல் புதிய பாகம் மாட்டுவது, ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்புவது போல.

பிரேக் பாகங்களில் போலிகள் நிறைய. அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குவதே பாதுகாப்பு. பேடை ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றாமல், இடது வலது இரண்டிலும் சேர்த்து மாற்ற வேண்டும். புதிய பேடு டிஸ்க்கோடு படிய அவகாசம் வேண்டும்; முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஓங்கி மிதிப்பதைத் தவிர்க்கலாம், அவசரத்துக்கு மட்டும் விதிவிலக்கு.

நல்ல டயர், புதிய ஆயில், தரமான பேடு மூன்றும் சேர்ந்தாலும் பெரிய காலிப்பர் செட்டின் விலையை எட்டாது. வீல் இடுக்கு வழியாகப் பார்த்து யாரும் "செம்மையா இருக்கு" என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் மழை இரவில் முன்னால் போகிற லாரி திடீரென நின்றால், அந்த 30 மீட்டரைக் காப்பாற்றித் தருவது இவைதான்.